பதின்வயதினருக்கு மனச்சோர்வு மாத்திரை: சோதித்தது எப்படி, தெரிந்தது என்ன?

மகனுக்கோ மகளுக்கோ மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று இரவே பெற்றோர் இணையத்தில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் 'பயப்பட வேண்டாம், நல்ல மருந்து' என்றிருக்கும். இன்னோரிடத்தில் 'தற்கொலை எண்ணம் வரும்' என்றிருக்கும். இரண்டு தரப்பும் ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே சோதனைகளைத்தான். அந்தச் சோதனைகளில் யார், எதை, எப்படி எண்ணினார்கள் என்பதைப் பற்றியது இந்தக் கேள்வி-பதில். பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அதனால் பேச்சும் அங்கேயே அதிகம் சுற்றும்.

பெரியவர்களிடம் வேலை செய்யும் மாத்திரையைப் பிள்ளைகளிடம் ஏன் தனியாகச் சோதிக்க வேண்டும்? அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது என்பதை மருத்துவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் பெரியவர்களின் மனச்சோர்வுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டவை. பிள்ளைகளுக்கும் அவற்றையே கொடுத்து வந்தார்கள். 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதுவரை நடந்த சிறு சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் இந்த மருந்துகளுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. அதிக அளவில் விழுங்கினால் இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் அவை. பலன் இல்லாமல் ஆபத்து மட்டும் இருக்கும் மருந்தை, பெரியவர்களிடம் பலித்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1990-களின் கடைசியில் நிறுவனங்கள் திடீரென்று பிள்ளைகளிடம் சோதிக்க ஆரம்பித்தது ஏன்?

பணம்தான். 1997-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டபடி ஒரு நிறுவனம் தன் மருந்தைப் பிள்ளைகளிடம் சோதித்துக் காட்டினால், அந்த மருந்துக்கு மேலும் 6 மாதம் சந்தையில் போட்டியில்லாத உரிமை கிடைக்கும். நன்றாக விற்கும் மாத்திரைக்கு 6 மாதம் என்பது பெரும் தொகை.

இதில் கவனிக்க வேண்டியது, சோதனையில் மருந்து பலித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சோதித்தால் போதும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் இத்தனை சோதனைகள் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் விடை தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் நடத்தப்படும் சோதனை எப்படி இருக்கும் என்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் பார்க்க நேர்ந்தது.

சோதனைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பதின்வயதினரைக் குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மறு பகுதியினருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. பொதுவாக 8 முதல் 12 வாரம் நடக்கும்.

மனச்சோர்வை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பேசி மதிப்பெண் போடுவார். அதிகம் பயன்படும் அளவுகோலில் 17 அம்சங்கள் உண்டு. தூக்கம், பசி, படிப்பு, விளையாட்டில் ஆர்வம், எரிச்சல், குற்ற உணர்ச்சி, சாக வேண்டும் என்ற எண்ணம் என 14 அம்சங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். முகம் வாடியிருக்கிறதா, பேச்சு தொய்ந்திருக்கிறதா, அசைவு மந்தமாக இருக்கிறதா என்ற மூன்றையும் எதிரில் உட்கார்ந்து கவனித்தே போடுவார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் 17, அதிகபட்சம் 113. 40-க்கு மேல் இருந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். 28 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்துப் போடும் எண்தான் இது. கீழே வரும் சதவீதங்களையெல்லாம் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயில் இருக்கும் பிள்ளைக்குப் போலி மாத்திரை கொடுப்பது அநியாயம் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். இமிப்ரமின் விஷயமே அதற்குப் பதில்: ஒப்பிடப் போலி மாத்திரை இல்லாவிட்டால், பலிக்காத மருந்து ஆண்டுக்கணக்கில் பலிப்பதாகவே தோன்றும். போலி மாத்திரை வாங்குபவர்களையும் கைவிட்டுவிடுவதில்லை. அடிக்கடி வரச் சொல்லிப் பார்க்கிறார்கள். நிலைமை மோசமானால் சோதனையிலிருந்து எடுத்து உரிய சிகிச்சை கொடுக்கிறார்கள்.

தற்கொலை ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளைப் பெரும்பாலான சோதனைகளில் சேர்ப்பதே இல்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதனால் ஒரு சிக்கல் வருகிறது: மருத்துவரிடம் மிக மோசமான நிலையில் கொண்டுவரப்படும் பிள்ளையைப் பற்றி இந்தச் சோதனைகள் சொல்வது குறைவு.

போலி மாத்திரையிலேயே பாதிப் பேர் தேறிவிடுகிறார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 2007-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, பிள்ளைகள், பதின்வயதினர் மத்தியில் நடந்த 27 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வுக்கான சோதனைகளில் மருந்து சாப்பிட்டவர்களில் 61 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 50 சதவீதம். அதாவது 10 பேருக்குக் கொடுத்தால், கொடுக்காவிட்டால் தேறியிருக்க மாட்டார் என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைப்பார்.

'அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதின்வயது மனச்சோர்வில் ஒரு பகுதி காலம் போகப் போகத் தானாகவே தணியும். வாரந்தோறும் ஒருவர் உட்கார்ந்து 'தூங்கினாயா, சாப்பிட்டாயா, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது' என்று கேட்பதே பல பிள்ளைகளுக்கு அதுவரை கிடைக்காத ஒன்று. அப்புறம், சோதனைக்கு ஆள் சேர்க்கும் அவசரத்தில் லேசான சோர்வில் இருப்பவர்களையும் சேர்த்துவிடுவது உண்டு. சோதனை எத்தனை அதிக மையங்களில் நடக்கிறதோ, அந்த அளவுக்குப் போலி மாத்திரையில் தேறுபவர்களும் அதிகமாகிறார்கள் என்பதைப் பின்னர் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவசரமாக, பல ஊர்களில் ஆள் பிடித்து நடத்திய சோதனைகளில் மருந்து பலிக்கவில்லை என்றால், மருந்து மோசமா சோதனை மோசமா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

எந்த மருந்து தேறியது?

ஃப்ளுவோக்செட்டின். ப்ரோசாக் என்ற பெயரில் உலகம் அறிந்தது. டெக்சாஸில் கிரஹாம் எம்ஸ்லி குழுவினர் 7 முதல் 17 வயது வரையுள்ள 96 பேரிடம் 8 வாரம் நடத்திய சோதனை 1997-இல் வெளியானது. மருந்தில் 56 சதவீதம் பேர், போலி மாத்திரையில் 33 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். ஒரே இடத்தில், கவனமாக ஆள் தேர்ந்து நடத்திய சோதனை அது. 2002-இல் வந்த இன்னொரு சோதனையும் ஒத்துப்போனது. 2003 ஜனவரியில் எஃப்.டி.ஏ. 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதே வகையைச் சேர்ந்த எஸ்சிட்டலோப்ராம் 2009-இல், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி பெற்றது. 2016-இல் லான்செட் இதழில் 14 மருந்துகளை, 34 சோதனைகளை, 5,260 பேரை வைத்து ஒப்பிட்டவர்கள், போலி மாத்திரையைவிட மேல் என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது ஃப்ளுவோக்செட்டினை மட்டும்தான் என்றார்கள்.

மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா? ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் மருந்து நிறுவனத்தின் பணத்தில் இல்லாமல். அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம் பணம் கொடுக்க, ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ச் தலைமையில் 13 மையங்களில் நடந்த சோதனை அது. சுருக்கப் பெயர் டாட்ஸ். 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேர். நான்கு பிரிவுகள்: ஃப்ளுவோக்செட்டின் மட்டும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை மட்டும், இரண்டும் சேர்த்து, போலி மாத்திரை.

12 வாரம் முடிந்தபோது தேறியவர்கள், இரண்டும் பெற்றவர்களில் 71 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 61, சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 43, போலி மாத்திரையில் 35. இந்த எண்கள் 2004-இல் வெளியானதும் 'மாத்திரைதான் வேலை செய்கிறது, பேச்சு வீண்' என்று சிலர் எழுதினார்கள். அதே பிள்ளைகளை 36 வாரம் வரை தொடர்ந்தபோது கதை மாறியது. சேர்த்துப் பெற்றவர்கள் 86 சதவீதம், மாத்திரை மட்டும் 81, சி.பி.டி. மட்டும் 81. மெதுவாக வந்தாலும் பேச்சுச் சிகிச்சை மாத்திரையை எட்டிப் பிடித்துவிட்டது. தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி பதிவானவர்களோ, மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம், சேர்த்துப் பெற்றவர்களில் 8, சி.பி.டி.யில் 6.

இந்த மூன்று எண்களைத்தான் நான் பெற்றோர்களுக்கு முதலில் காட்டுவேன். மாத்திரை சீக்கிரம் தூக்கிவிடுகிறது, கூட ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் ஆபத்து குறைவாக இருக்கிறது.

ஆனால் ஒரு குறை உண்டு. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்குத் தாங்கள் உண்மையான மருந்துதான் சாப்பிடுகிறோம் என்று தெரியும். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு முதல் 12 வாரம் தெரியாது. அந்த நம்பிக்கையே சில சதவீதத்தைக் கூட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் 208 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான சோதனையில், மாத்திரையுடன் சி.பி.டி. சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. முதல் மாத்திரை பலிக்காத 334 பேரை எடுத்துக்கொண்ட 2008-ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனையிலோ, மருந்தை மட்டும் மாற்றியவர்களில் சுமார் 41 சதவீதமும், மாற்றியதோடு சி.பி.டி.யும் சேர்த்தவர்களில் 55 சதவீதமும் தேறினார்கள். எந்த மருந்துக்கு மாற்றினார்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

'ஆய்வு 329' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனம் (பின்னாளில் கிளாக்ஸோஸ்மித்கிளைன்) 1994 முதல் 1998 வரை நடத்திய சோதனை. பராக்செட்டின் (ஃப்ளுவோக்செட்டின் வகையைச் சேர்ந்த மருந்து), இமிப்ரமின், போலி மாத்திரை என மூன்று பிரிவு, 275 பதின்வயதினர், 8 வாரம். முதன்மையாக அளக்கப்போவது எந்த இரண்டை என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்திருந்தார்கள். இரண்டிலுமே பராக்செட்டின் போலி மாத்திரையை வெல்லவில்லை.

அதை நிறுவனமும் அறிந்திருந்தது. பலன் நிரூபணமாகவில்லை என்று சொல்வது வணிக ரீதியில் ஏற்கத்தக்கதல்ல என்ற பொருளில் 1998-ஆம் ஆண்டு உள்சுற்றுக் குறிப்பு ஒன்று பின்னர் வெளியே வந்தது. 2001-இல் குழந்தை மனநல மருத்துவத்தின் முக்கியமான அமெரிக்க இதழில் கட்டுரை வெளியானபோது, பராக்செட்டின் பலனளிக்கிறது, பொதுவாகத் தாங்கிக்கொள்ளக்கூடியது என்று இருந்தது. எப்படி? முதலில் எழுதிவைத்த அளவுகளை ஓரம்கட்டிவிட்டு, பின்னால் சேர்த்த அளவுகளில் சாதகமாக வந்தவற்றை முன்னுக்கு வைத்தார்கள். மொத்தம் 27 அளவுகளில் 4 சாதகம். பரீட்சை எழுதி முடித்த பிறகு, தனக்கு விடை தெரிந்த கேள்விகளை மட்டும் திருத்தச் சொல்வது மாதிரி. கட்டுரையில் 22 ஆசிரியர்களின் பெயர் இருந்தது. முதல் வரைவை எழுதியது நிறுவனம் காசு கொடுத்து அமர்த்திய எழுத்தாளர்.

இதைவிடக் கனமான விஷயம் பக்கவிளைவுப் பட்டியலில் இருந்தது. தற்கொலை எண்ணமும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதும் அதில் 'உணர்ச்சித் தடுமாற்றம்' என்ற தலைப்புக்குள் போய்விட்டன. படிக்கிற மருத்துவருக்கு அது அழுகை, கோபம் போலத்தான் தெரியும். அடுத்த ஆண்டு, 2002-இல், அமெரிக்காவில் பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் இந்த மருந்து 20 லட்சம் முறைக்கு மேல் எழுதப்பட்டது.

2015-இல் வேறொரு சுயேச்சையான குழு மூலத் தரவுகளை வாங்கித் திரும்ப எண்ணியது. ஆளாளுக்குப் பதிவு செய்த படிவங்கள் மட்டும் 77,000 பக்கம். தொலைவிலிருந்து கணினித் திரையில்தான் பார்க்க அனுமதி, அதனால் மூன்றில் ஒரு பங்கினரின் படிவங்களைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது. பராக்செட்டின் பிரிவில் தற்கொலை சார்ந்த நிகழ்வுகள் 5 என்றிருந்தது அவர்கள் கணக்கில் 11 ஆனது. போலி மாத்திரைப் பிரிவில் 1 என்றிருந்தது 2. மருந்து பலிக்கவில்லை, தீங்கு கூடுதல் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே பிள்ளைகள், அதே தரவு, நேர்மாறான முடிவு.

இடையில் நியூயார்க் மாகாணம் 2004-இல் வழக்குப் போட்டது. நிறுவனம் 25 லட்சம் டாலர் கொடுத்ததோடு, சோதனை முடிவுகளைப் பொதுவில் வைக்கவும் ஒப்புக்கொண்டது. 2012-இல் அமெரிக்க அரசுடன் 300 கோடி டாலருக்குச் சமரசமான பெரிய வழக்கில், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பராக்செட்டினை விற்கத் தூண்டியதும் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் அதில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் மாத்திரையின் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அது எதன் அடிப்படையில்?

பிரிட்டன் 2003 ஜூனில் பராக்செட்டினைப் பதின்வயதினருக்குக் கொடுக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டு கடைசிக்குள் ஃப்ளுவோக்செட்டின் தவிர அந்த வகை மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கும் அதையே சொன்னது. எஃப்.டி.ஏ. 24 சோதனைகளை, 4,400-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பழைய பதிவுகளை நம்ப முடியாது என்பதால் கொலம்பியா பல்கலைக்கழக நிபுணர்களிடம் கொடுத்து, எந்த மருந்து என்று சொல்லாமலே ஒவ்வொரு நிகழ்வையும் புதிதாக வகைப்படுத்தச் சொன்னார்கள். குழப்பம் இரண்டு பக்கமும் இருந்தது. உண்மையான முயற்சிகள் வேறு பெயரில் ஒளிந்திருந்தன. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்ட ஒரு சிறுமியின் செயல் தற்கொலை முயற்சி என்று பதிவாகியிருந்தது.

திருத்திய கணக்கில், மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் தற்கொலை எண்ணமோ நடத்தையோ இருந்தது. போலி மாத்திரையில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. இந்தக் கடைசி வரியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை 2004 அக்டோபரில் வந்தது. 2007-இல் 24 வயது வரை நீட்டினார்கள்.

எச்சரிக்கைக்குப் பிறகு அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இந்த மருந்துகளை எழுதுவது குறைந்தது. 2004-இல் அங்கே இளம் வயதினரின் தற்கொலை விகிதம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஒன்றுக்கு மற்றொன்று காரணமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இந்தியாவில் பிள்ளைகளிடம் இப்படிச் சோதிக்க யார் சம்மதிக்க வேண்டும்?

பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விவரம் புரியும் வயதுள்ள பிள்ளையின் இசைவும் தனியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை 7 வயதிலிருந்தே அதை எதிர்பார்க்கிறது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். 2009 முதல் மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்பதும் அதில் இருக்கும். ஆய்வு 329-இல் நடந்த மாதிரி பிறகு அளவை மாற்றினால் கையும் களவுமாகப் பிடிக்க இது உதவும்.

என் பிள்ளையைச் சோதனையில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

பதிவு எண்ணைக் கேளுங்கள். வாங்கிவந்து நீங்களே பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பணம் யார் தருகிறார்கள், போலி மாத்திரை விழுந்தால் எத்தனை வாரம், நடுவில் மோசமானால் யாரை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், முடிந்த பிறகு சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்காது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளை தயங்கினால், 'டாக்டர் சொல்கிறார் இல்லையா' என்று அழுத்தாதீர்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாள். இதையெல்லாம் படித்தால் நிறுத்திவிடத் தோன்றுகிறது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஃப்ளுவோக்செட்டினில் தேறிய 102 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 42 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது; போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 69 சதவீதத்தினருக்கு. தவிர, பராக்செட்டின் போன்றவற்றைத் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். அளவைக் குறைப்பதானால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆரம்பித்த முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் அருகிலிருந்து கவனியுங்கள். இருப்புக்கொள்ளாத தவிப்பு, தூக்கமே இல்லாமை, திடீர் மூர்க்கம், வழக்கத்துக்கு மாறான துள்ளல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரைகளை நீங்களே வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுங்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உடனடி ஆபத்து என்றால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926.